பாலைவனத்தில் இருவர், ஒரே பைக்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

பாலைவனப் பைக் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதையையும் படங்களையும் காட்டுவார்கள். இந்தக் கட்டுரை, போட்ட திட்டம் கெட்டுப்போகும் நேரத்தைப் பற்றியது. அது எப்படியும் கெடும். டயரில் முள் ஏறும், எதிர்க்காற்றில் பெட்ரோல் சீக்கிரம் தீரும், மதியம் இருவரில் ஒருவருக்குத் தலை வலிக்கும். ஊருக்குள் இதெல்லாம் அரை மணி நேரத் தொல்லை. அடுத்த வீடு 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் இதே சின்ன விஷயம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். கையில் தண்ணீரும் குறைவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இணையாகப் பாலை நிலத்தைக் கடப்பது தமிழுக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களில் உடன்போக்குப் போன காதலர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். அவர்களுக்கு பஞ்சர் கவலை மட்டும் இல்லை.

படி 1: வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் டயர், ஆயில் எல்லாவற்றையும்விட முக்கியமான தயாரிப்பு இதுதான். 45 டிகிரி வெயிலில், ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, வழி தவறிய எரிச்சலில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. அதனால் முடிவுகளை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். அங்கே போய் அவற்றைப் பின்பற்றினால் போதும்.

எங்கள் வீட்டில் நடைமுறையில் இருக்கும் விதிகள் இவை. 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் வண்டி நிற்கும். காரணத்தை நின்ற பிறகு கேட்கலாம். ஒரு பாதை சரிப்படுமா என்று சந்தேகம் வந்தால், இருவரில் அதிகம் தயங்குகிறவர் சொல்வதே முடிவு. சூரியன் மறைய 2 மணி நேரம் இருக்கும்போது எங்கே இருக்கிறோமோ, அங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் தங்குமிடத்துக்குப் போவோம், திட்டத்தில் வேறு ஊர் எழுதியிருந்தாலும் சரி. 'இந்த இடத்தை மதியம் 12 மணிக்குள் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவோம்' என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திரும்பும் இடத்தை முந்தின இரவே குறித்துக்கொள்வோம்.

இன்னொன்று, திட்டத்தில் காலி நாள் விடுவது. 3 நாள் ஓட்டத்துக்கு 1 நாள் சும்மா இருக்க வேண்டும். அந்த நாளில் எதையும் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். கிளட்ச் கேபிள் அறுந்தாலோ, வயிறு கெட்டாலோ, மணல் புயல் அடித்தாலோ அந்த நாள்தான் கை கொடுக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நன்றாகத் தூங்குங்கள். திரும்பி வரும் விமானத்தையோ ரயிலையோ கடைசி ஓட்டத்துக்கு மறுநாளே பதிவு செய்கிறவர்கள்தான் இருட்டில் ஓட்டி மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 2: எந்தப் பாலைவனம், எந்த மாதம்

பாலைவனம் என்றதும் மணல்மேடுதான் நினைவுக்கு வரும். உண்மையில் உலகின் பாலைவனப் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் மணல். மீதி எல்லாம் கல், சரளை, உப்புத் தரை, காய்ந்த களிமண். புதிதாகப் போகிறவர்கள் மணலை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் அதிக நேரம் ஓட்டப்போவது தார்ச் சாலையிலும் சரளையிலும்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. தார் பாலைவனத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். அங்கே பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. அந்த மாதத்தில் அங்கே பைக் ஓட்டுவது வீரம் இல்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபில் சரளைச் சாலைகள் நீளமானவை, கடற்கரைப் பக்கம் காலையில் மூடுபனி இறங்கும். தென் அமெரிக்காவின் அட்டகாமாவில் வெயிலோடு உயரமும் சேர்ந்துகொள்ளும், மேடு ஏற ஏற மூச்சு வாங்கும். மங்கோலியாவிலும் சீனாவிலும் பரவியிருக்கும் கோபி குளிர்காலத்தில் உறைந்துபோகும். ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில் 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தொடர் லாரிகள் எதிரே வரும். அவை கடந்து போகும்போது அடிக்கும் காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். போகும் இடத்தின் இந்த ஒரு குணத்தை முதலில் தெரிந்துகொண்டால், பெட்டியில் எதைப் போடுவது என்பது தானாகவே தெளிவாகும்.

இரவுக் குளிரை மறக்க வேண்டாம். காற்றில் ஈரம் இல்லாததால் பகலில் ஏறிய சூடு பொழுது சாய்ந்ததும் வேகமாக வெளியேறிவிடும். மதியம் 35 டிகிரி இருந்த இடத்தில் விடியற்காலை 8 டிகிரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம்.

படி 3: பெட்ரோல் கணக்கு

தனியாக ஊருக்குள் ஓட்டும்போது கிடைக்கும் மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இருவர், மூட்டை, எதிர்க்காற்று மூன்றும் சேர்ந்தால் கால் பங்கு குறைவது சாதாரணம். மென்மையான மணலில் முதல் இரண்டு கியரில் உறுமிக்கொண்டு போனால் பாதியாகக்கூடக் குறையும்.

ஒரு உதாரணம். டேங்க் 15 லிட்டர், வழக்கமான மைலேஜ் லிட்டருக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 450 கிலோமீட்டர். பாலைவனத்துக்கு லிட்டருக்கு 22 என்று எடுத்தால் 330. அதில் கால் பங்கை 'வழி தவறினால்' என்று ஒதுக்கினால் மிஞ்சுவது சுமார் 250. அடுத்த பங்க் 250 கிலோமீட்டருக்குள் நிச்சயம் இருக்கிறதா? இல்லை என்றால் பெட்ரோலுக்கென்றே செய்த கேனில் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி எடுத்துப்போவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அது ஆவியாகி உப்பி வெடிப்பது ஒரு பக்கம், தாகத்தில் அவசரமாக அதையே வாயில் கவிழ்ப்பது இன்னொரு பக்கம்.

வரைபடத்தில் பங்க் இருந்தாலும் அதில் பெட்ரோல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டேங்க் பாதியாக இருக்கும்போது பங்க் கண்ணில் பட்டால் நிரப்பிவிடுங்கள். சின்ன பங்க்குகளில் தூசியும் நீரும் கலந்த பெட்ரோல் வரலாம், அதனால் லாரிகள் நின்று போடும் இடமாகப் பார்த்துப் போடுவது நல்லது.

படி 4: வண்டியும் சுமையும்

டயர் காற்றழுத்தத்தில் ஆரம்பியுங்கள். இருவர் உட்கார்ந்து ஓட்டும்போது எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அதைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) கூடும். மதியம் சூடான டயரில் அளந்துவிட்டு 'கூடிவிட்டது' என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் தொய்ந்து கிடக்கும்.

பின்பக்க சஸ்பென்ஷனை இருவர் எடைக்கு ஏற்ப இறுக்குங்கள். கனமான பொருள்களைக் கீழேயும், பின்சக்கர அச்சுக்கு முன்னாலும் வையுங்கள். பின்பெட்டியில் கனத்தை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, சரளையில் ஹேண்டில் மிதக்க ஆரம்பிக்கும். செயின் தொய்வை மூட்டையோடு இருவரும் உட்கார்ந்தபின் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். காலியான வண்டியில் சரியாகத் தெரிந்த செயின், எடை ஏறியதும் விறைத்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். செயினுக்கு ஆயில் அதிகமாகப் போடாதீர்கள். வழியும் ஆயிலில் மணல் ஒட்டினால் அது அரைக்கும் பசையாகி செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். அன்றைய ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போது தூரிகையால் தட்டி, மெல்லிய பூச்சாகப் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டால் போதும்.

கருவிகள் விஷயத்தில் ஒரே அளவுகோல்தான்: உங்களுக்குப் பயன்படுத்தத் தெரிந்ததை மட்டும் எடுத்துப் போங்கள். பஞ்சர் கருவிகள், சின்ன காற்று பம்ப், கிளட்ச் கேபிள், செயின் இணைப்புக் கண்ணி, ஃபியூஸ், நட்டுகளுக்கு ஏற்ற ஸ்பேனர்கள், பிளாஸ்டிக் கட்டுப்பட்டை, ஒட்டும் டேப், கொஞ்சம் கம்பி. வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதில்தான் எந்த ஸ்பேனர் இல்லை என்பது தெரியவரும்.

கிளம்புவதற்கு முன்னால் முழு மூட்டையோடு, இருவருமாக, ஒரு நாள் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கு எத்தனை நேரத்தில் முழங்கால் வலிக்கிறது என்பதுதான் அன்றாடத் தூரத்தைத் தீர்மானிக்கும். இருவராகப் போகும்போது ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிலோமீட்டர் போதும்.

படி 5: பின்னால் உட்காருகிறவரும் ஓட்டுநர்தான்

வழிகாட்டி நூல்கள் எல்லாம் ஓட்டுபவரைப் பார்த்தே பேசுகின்றன. பின்னால் இருப்பவருக்கும் சமமான வேலை உண்டு. வழி பார்ப்பது, தண்ணீர் குடிக்க நினைவூட்டுவது, வானத்தின் நிறம் மாறுகிறதா என்று கவனிப்பது, முன்னால் இருப்பவர் பேச்சில் குழறல் தெரிகிறதா என்று கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஹெல்மெட்டுக்குள் பேசும் இன்டர்காம் இருந்தால் நல்லது. இல்லை என்றால் தோளில் ஒரு தட்டு 'மெதுவாகப் போ', இரண்டு தட்டு 'நிறுத்து' என்று சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் உடம்போடு வைத்திருக்க வேண்டியவை: வண்டியின் மாற்றுச் சாவி, ஒரு போன், தன் பங்குத் தண்ணீர், ஆவணங்களின் நகல். ஏன் என்றால், மணல் நிறைந்த இடங்களில் அவர் இறங்கி நடக்க, வண்டி முன்னால் போய்விடும். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பைக்கில் இருக்கும் தண்ணீர், நடக்கிறவருக்கு உதவாது. அதே காரணத்துக்காக அவர் காலில் நல்ல நடக்கும் பூட்ஸ் இருக்க வேண்டும். செருப்போடு வந்தால் சுடுமணலில் பத்து அடிகூட வைக்க முடியாது.

படி 6: வெயிலும் தண்ணீரும்

இந்தப் பகுதியை மட்டும் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

காற்று வீசினால் குளிர்ச்சி என்பது ஓர் எல்லை வரைக்கும்தான் உண்மை. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால், வேகமாக ஓட்டும்போது வரும் காற்று உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும். வலைத்துணி ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு 42 டிகிரியில் ஓட்டுவது அடுப்புக்கு முன்னால் முகத்தை நீட்டுவது மாதிரி. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தலைகீழ்: உள்ளே பருத்திச் சட்டையை நன்றாக நனைத்து, மேலே ஜாக்கெட்டைப் பெரும்பாலும் மூடி, கொஞ்சமாகக் காற்று புக விடுவது. ஈரம் மெதுவாக ஆவியாகி நீண்ட நேரம் குளிர்ச்சி தரும். கழுத்தில் ஒரு ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

வறண்ட காற்றில் வியர்வை வெளியே தெரியாது, தோலை விட்டு வந்த நொடியே காய்ந்துவிடும். 'எனக்கு வியர்க்கவே இல்லை' என்று சொல்கிறவரும் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழந்திருக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல், தொடாத இருப்பாக இருவருக்கும் சேர்த்து 5 லிட்டர். அந்த இருப்பு வண்டி நின்றுபோன இரவுக்கானது. முகம் கழுவ அதைத் திறக்கக் கூடாது. எல்லாத் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் வைக்காதீர்கள், வண்டி சாய்ந்து அது உடைந்தால் எல்லாம் போச்சு.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓஆர்எஸ் பொட்டலங்கள் எடுத்துப் போங்கள். அது இல்லாத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிக்கலாம். போதுமான அளவு குடிக்கிறோமா என்பதற்குச் சிறுநீரின் நிறம்தான் அளவுகோல். அடர் மஞ்சளாகப் போனால் குடிப்பது பத்தவில்லை.

இப்போது அறிகுறிகள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மயக்கம் வருவது போன்ற உணர்வு எல்லாம் வெப்பச் சோர்வு. உடனே நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, நனைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுங்கள். அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. பேச்சு குழறுவது, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, நடை தள்ளாடுவது, நினைவு தப்புவது வந்தால் அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்கும். வியர்வை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இது உயிர்போகும் நிலை. இருக்கும் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் குளிர்ச்சி பட வைத்து, அதே நேரத்தில் உதவியும் கேளுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழி எதையும் கொடுக்கக் கூடாது.

முதலில் தெரியும் அறிகுறி பல நேரம் இவை எதுவும் இல்லை, எரிச்சல்தான். 'நீதானே இந்த வழியில் போகச் சொன்னாய்' என்று சண்டை ஆரம்பித்தால் பதில் சொல்லாமல் வண்டியை நிறுத்தி இருவரும் அரை லிட்டர் குடியுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதியை ராத்திரி குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

நேரம்: விடிந்ததும் கிளம்பி 11 மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடியுங்கள். 11 முதல் 4 வரை நிழல். இருட்டில் ஓட்டவே வேண்டாம். சூடு தங்கிய தார்ச் சாலையைத் தேடி ஒட்டகங்களும் மற்ற விலங்குகளும் வந்து நிற்கும். ஒட்டகத்தின் உடம்பு ஹெட்லைட் ஒளிக்கு மேலே இருப்பதால், கால்கள் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

படி 7: ஓட்டும் முறை

சரளையில் கைகளை இறுக்காதீர்கள். ஹேண்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆட விடுங்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும், முன் பிரேக்கைத் திடீரென்று அழுத்த வேண்டாம். அலை அலையாக வரிவிழுந்த சாலையில் வேகமாகப் போனால் குலுங்கல் குறையும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்த வேகத்தில் சக்கரம் தரையைத் தொடும் நேரமும் குறையும். இருவரோடு போகும்போது அந்த வித்தையைச் செய்ய வேண்டாம், ஓரத்தில் வரி குறைவான தடத்தைத் தேடி மெதுவாகப் போங்கள்.

மணல் வந்தால் முதலில் நிறுத்தி, இறங்கி, நடந்து பாருங்கள். கணுக்கால் புதைந்தால் பின்னால் இருப்பவர் நடக்க வேண்டியதுதான். ஓட்டுபவர் எழுந்து நின்று, எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்துப் போக வேண்டும். பாதியில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் முன்சக்கரம் புதைந்து வண்டி சாயும். மணலுக்கு டயர் காற்றைக் குறைப்பது உதவும், ஆனால் இருவரும் மூட்டையும் உள்ள வண்டியில் அளவோடு செய்யுங்கள். 36 பிஎஸ்ஐ இருந்தால் 25 வரை போகலாம். அதற்குக் கீழே போனால், டியூப் உள்ள டயரில் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். கெட்டித் தரை வந்ததும் திரும்ப நிரப்பிவிடுங்கள்.

சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு தகடு ஒன்று பையில் இருக்கட்டும். மணலில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போன பிறகு சாயும் வண்டிகள்தான் அதிகம்.

படி 8: கோளாறு வந்துவிட்டது, இப்போது?

எது நடந்தாலும் முதல் வேலை ஒன்றே: இன்ஜினை அணை, நிழல் உண்டாக்கு, தண்ணீர் குடி. பத்து நிமிடம் கழித்துத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பஞ்சர். டியூப் இல்லாத டயர் என்றால் அதிர்ஷ்டம். ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னால் பம்ப், ரப்பர் திரி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிடுங்கி, துளையைத் துருவி, பசை தடவிய திரியைச் சொருகி, காற்றடித்துவிடலாம். டியூப் உள்ள டயர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிப்பதுதான் கடினம். இருவரில் ஒருவர் பூட்ஸ் குதிகாலால் மிதிக்க, மற்றவர் நெம்புகோலைப் பிடிக்க வேண்டும். பழைய டியூபை ஒட்டுவதைவிட புதியதை மாட்டிவிட்டு ஒட்டும் வேலையை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் முன்சக்கர டியூப் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் அடக்கி, மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முள் இன்னும் அங்கேயே இருக்கும்.

வண்டி புதைந்துவிட்டது. சக்கரம் சுழன்று தோண்ட ஆரம்பித்த உடனே ஆக்சிலரேட்டரை விடுங்கள். மூட்டையை இறக்குங்கள். வண்டியை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்து, பள்ளத்தை மண்ணால் நிரப்பி, மறுபடி நிமிர்த்தினால் சக்கரம் தரைமட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஒருவர் பக்கத்தில் நடந்தபடி கிளட்ச் விட, மற்றவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

சாய்ந்த வண்டியைத் தூக்க. முதல் கியரில் போடுங்கள், உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். முதுகை வளைத்து இழுக்காமல், திரும்பி நின்று இருக்கையில் இடுப்பை முட்டுக்கொடுத்து, கால் பலத்தால் பின்னோக்கி நடக்க வேண்டும். இருவர் இருப்பதன் பெரிய லாபம் இங்கேதான்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. வயரைப் பிரிப்பதற்கு முன் கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இருக்கும், இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்), நியூட்ரல், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பெட்ரோல், ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். சைடு ஸ்டாண்டு சுவிட்சில் மணல் அடைத்து, ஸ்டாண்டு இன்னும் இறங்கித்தான் இருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்வது பாலைவனத்தில் அடிக்கடி நடக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். சாவியை ஆன் செய்தே விட்டு பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். மணலில் தள்ளி ஸ்டார்ட் செய்வது நடக்காத காரியம்.

இன்ஜின் சூடாகிவிட்டது. பின்னாலிருந்து காற்று அடிக்கும்போது மெதுவாக மணலில் போனால் இது வரும். வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம், கொதிக்கும் இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

மணல் புயல். அடிவானத்தில் பழுப்பு நிறச் சுவர் தெரிந்தால் அதோடு பந்தயம் வைக்காதீர்கள். சாலையை விட்டு முடிந்தவரை தள்ளிப் போய் நிறுத்தி, எல்லா விளக்கையும் அணையுங்கள். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் 'அங்கே சாலை இருக்கிறது' என்று நினைத்து உங்கள் மேலேயே வருவார். வண்டியிலிருந்து சற்று விலகி, காற்றுக்கு முதுகு காட்டி, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி உட்காருங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

திடீர் வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்கலாம். காய்ந்து இறுகிய தரை மழையை உறிஞ்சாது, எங்கோ தூரத்தில் பெய்தது நீங்கள் நிற்கும் காய்ந்த ஓடையில் வந்து சேரும். அதனால் ஓடைப்படுகையில் கூடாரம் போடக் கூடாது, மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும். 15 சென்டிமீட்டர் ஆழ ஓட்டமே நிற்கும் ஆளைத் தள்ளிவிடும். நீர் ஓடும் இடத்தில் பைக்கை இறக்காமல் காத்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

படி 9: உதவி வரும் வரை

கிளம்பும் முன் ஊரில் ஒருவரிடம் அன்றைய பாதையையும், எத்தனை மணிக்குள் தகவல் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். 112 என்ற அவசர எண் பல நாடுகளில் வேலை செய்யும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் வழியாகப் போகும். எந்த சிக்னலும் இல்லாத இடத்துக்கு சாட்டிலைட் கருவி உண்டு. ஆனால் இந்தியா உட்பட சில நாடுகளில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். போகும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுகிறவர்கள் கண்ணுக்கு நடக்கும் ஆளைவிட வண்டிதான் முதலில் தெரியும், நிழலுக்கும் அதுதான் ஆதாரம். பைக்குக்கும் ஒரு குச்சிக்கும் இடையில் துணியைக் கட்டினால் இருவர் படுக்க இடம் கிடைக்கும். சுடுமணலில் நேராக உட்காராமல் மூட்டை மேல் உட்காருங்கள். பகலில் அசையாமல் இருப்பதுதான் தண்ணீரைச் சேமிக்கும் வழி. தாகமாக இருந்தால் குடியுங்கள். பாட்டிலில் மிச்சம் பிடித்துவிட்டு மயங்கி விழுவதில் பயனில்லை. பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் வெயிலைப் பிரதிபலித்துத் தூரத்து வண்டிக்குச் சைகை காட்டலாம். விசில், ஒளி, நெருப்பு எதுவானாலும் மும்மூன்றாகக் காட்டினால் அது ஆபத்துச் சைகை.

ஒருவர் மட்டும் உதவி தேடிப் போகலாமா? நடந்து என்றால் கூடாது. வழியில் வரும் வண்டி ஏற்றிக்கொள்வதாக இருந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள், பைக்கை விட்டுவிடலாம். ஒருவருக்குத்தான் இடம் என்றால், உடல் தளர்ந்தவர் போகட்டும், தண்ணீர் முழுவதும் தங்குகிறவரிடம் இருக்கட்டும், அந்த வண்டியின் எண்ணையும் அதன் ஓட்டுநரின் போன் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 10: திரும்பி வந்த பிறகு

வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கு முன்னால் காற்றடித்து மணலை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது பேரிங்குக்குள் போய் உட்காரும். ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் இரண்டையும் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. பிரேக் பேடுகளைக் கழற்றி நடுவில் சிக்கிய கல்துகளைத் தட்டிவிடுங்கள். ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். மற்றவை கணீரென்று ஒலிக்க, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது.